பத்து-பி, காலியாக இருக்கும்போது

நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருக்கிறது.
என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிறார்கள்,
இருபது நிமிடமாவது ஆகும்.
ஸ்கூட்டியின் முன்பையில்
நாற்பத்தோரு விடைத்தாள்,
கைடு சிவப்பில் கிழித்த மூன்றாம் அத்தியாயம்,
போனில், நேற்றிரவு பாதியில் விட்ட பாட்டு.
எதை முதலில் எடுப்பது என்று யோசிப்பதிலேயே
பத்து நிமிடம் போய்விடும்,
வைக்கோல் லாரியின் வால் பார்த்தபடி.

இந்த ஊரில் பலூன் வாங்குகிற ஒரே இயற்பியல் டீச்சர் நான்.
"வாராவாரம் யாருக்கு மிஸ் பர்த்டே?"
ஃபேன்சி ஸ்டோர் சலாவுதீன் கேட்கிறார்.
ஒரு அறைக்கு என்றால் நம்புவாரா?

கடைசி மணிக்குப் பிறகு
ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி,
நடு பெஞ்சில் மைக்கை நிற்கவைத்து
ஊசியால் குத்துவேன்.
டப்.
அந்தச் சத்தம் சாக எத்தனை நொடி?
அதுதான் என் ஆராய்ச்சி.
ஓட்டுக்கூரைக்கு ஒன்று புள்ளி மூன்று.
ஆஸ்பெஸ்டாஸுக்கு ஒன்று புள்ளி ஒன்பது.
நான் சொல்கிற 'விசை'
பின்பெஞ்சைத் தொடும்போது 'திசை' ஆகிவிடுகிறது
என்பதை அட்டவணை போட்டு நிரூபிக்க
ஐந்து வருடம், பகுதி நேரம்,
சனிக்கிழமைதோறும் திருச்சி பஸ்.

ராத்திரி பத்தரைக்கு மேல் இன்னொருத்தி வருவாள்.
அவளுக்கு டிகிரியும் இல்லை, தூக்கமும் இல்லை.
பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டு ஸ்பீக்கர்.
சுவரில் முட்டை அட்டை,
ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தே ஒட்டியது.
திருத்துறைப்பூண்டியிலிருந்து ஜெனோவா அனுப்பிய குரல்,
போர்வைக்குள் உட்கார்ந்து பாடியது,
வீடில்லாத குரல்.
அதை இழுத்துப்போய்ப் பத்து-பியில் விடுவேன்.
பலூன் செத்த விதத்தையே
குரலின் ஒவ்வொரு துளியும் சாக வேண்டும்,
கணக்கு அவ்வளவுதான்.
மும்முனைக் கரண்ட் வந்ததும்
வெண்ணாற்றங்கரை மோட்டார்கள் ஒன்றாக எழும்,
சுவர் முனகும்.
அதற்குள் முடித்தாக வேண்டும்.

நேற்று முடியவில்லை.
ஜெனோவா 'நீ' என்று இழுக்கிற இடத்தில்
ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.
'வா'விலும் வந்தது.
குரலை நிறுத்திவிட்டுப் பலூனை மட்டும் கேட்டேன்.
டப், சுவர், கூரை,
எல்லாம் அடங்குகிற நேரத்தில்
களுக்.

யாரோ சிரித்திருக்கிறார்கள்.
பூட்டிய அறை, நானே எண்ணிய பெஞ்சுகள்.
அடக்கப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு.
அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.
லெனின்குமார்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
ஜனவரி இருபத்தேழு, அலகுத் தேர்வு.
அவன் பெயருக்கு நேரே
என் கையெழுத்திலேயே, சிவப்பில், ஆப்சென்ட்.
தேர்வுக்கு வராதவன்
பலூனுக்கு வந்திருக்கிறான்.

கைடைக் கேட்டால் ஒரே வார்த்தை:
மாசுபட்ட தரவு, நீக்கு, திரும்ப அள.
தலைமையாசிரியரைக் கேட்டால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்.
ஜெனோவாவைக் கேட்கவே வேண்டாம்,
அனுப்பிய ஐந்தாவது நிமிடம் பதில் வந்துவிட்டது:
"பின்னாடி யாருடி அது? எடுத்துடாத."

எடுக்கவில்லை. அளக்கவும் இல்லை.
பலூன் இரண்டு மிச்சம் இருக்கிறது,
பாட்டை நாளைக்குள் அனுப்ப வேண்டும்,
அத்தியாயத்தை வெள்ளிக்குள்.

சரி, ஒரு தாளாவது, என்று உருவினால்
மறுதேர்வு எழுதிய அவன் தாள்தான் வருகிறது.
கேள்வி ஆறு: எதிரொலி என்றால் என்ன?
'மிஸ் பலூனை உடைத்த பிறகு
கிளாஸ்ரூம் சொல்வது.'

அது எதிரொலி அல்ல, எதிர்முழக்கம்.
வித்தியாசத்தை மூன்று பீரியட் நடத்தியிருக்கிறேன்.
இரண்டு மதிப்பெண் கேள்வி.
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி
தாளை ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
கேட் எழுகிறது.
பின்னால் மன்னார்குடி பஸ்
ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.